ஒரு ஆள் பாக்கி

வெண்மதிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. பாயிலிருந்து எழ ஒரு கையைச் சுவரில் ஊன்றினாள். ஊன்றிய கை எரிந்தது. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து தோல் சுருண்டு நின்றது. மல்லாட்டைக் கொடியை, அதாவது வேர்க்கடலைக் கொடியை, இழுத்து இழுத்து வந்த கொப்புளம். பதினேழு வயதுக்கு இந்த இடுப்பு வலி அதிகம்தான். ஆனால் சிங்கவரத்தில் மல்லாட்டை பிடுங்குகிற மாதத்தில் வலி யாருடைய வயதையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

"மேட்ச்சுக்குப் போறவ எழுந்திருக்கிற லட்சணமாடி இது?" என்றாள் அவள் அம்மா காத்தாயி, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

"நீ வாங்கின வேலைக்கு எழுந்ததே பெருசு."

"நானா வாங்கினேன்? வர்றேன்னு சொன்னவ வந்திருந்தா ஒனக்கு ஏன் இந்தக் கெதி? அவளப் போயி கேளு."

அவள் என்றால் மோனிகா. நான்கு நாளாக அந்த வீட்டில் மோனிகாவுக்குப் பெயர் கிடையாது. அவள், இவள், வராதவள்.

மல்லாட்டை பிடுங்குகிற சமயத்தில் அந்த ஊரில் கூலிக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. எல்லார் நிலத்திலும் ஒரே வாரத்தில் காய் முற்றிவிடும். அதனால் அரை ஏக்கர், முக்கால் ஏக்கர்காரர்கள் மாத்தாள் வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு என் வீட்டு ஆள் உன் நிலத்துக்கு, இன்னொரு நாள் உன் வீட்டு ஆள் என் நிலத்துக்கு. கூலி கிடையாது, மத்தியானச் சோறு மட்டும். யாரும் எழுதி வைப்பதில்லை, யாரும் மறப்பதுமில்லை. சண்டை போட்டு முகம் பார்க்காமல் இருக்கிறவர்கள்கூட, மாத்தாள் கடன் என்றால் வாயை மூடிக்கொண்டு போய்க் குனிந்து பிடுங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வருவார்கள்.

போன வாரம் மோனிகா வீட்டு நிலத்துக்கு வெண்மதி போனாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போனாள். திங்கட்கிழமை மோனிகா வரவேண்டிய முறை. அவள் அம்மா அம்மாக்கண்ணு, பெரிய மகளுக்குப் பிரசவம் என்று பனமலைக்குப் போயிருந்தாள். நைனா பெங்களூரில் கட்டட வேலை. வீட்டில் இருந்தது மோனிகா ஒருத்திதான். "எம் பொண்ணு வந்துரும் காத்தாயி, நீ ஒண்ணும் யோசிக்காத" என்று அம்மாக்கண்ணு வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

வரவில்லை. ஆளும் வரவில்லை, ஒரு தகவலும் வரவில்லை. காத்தாயியும் வெண்மதியும் இரண்டே பேராகப் பிடுங்கினார்கள். கோபத்தில் வெண்மதி கொடியை வெடுக் வெடுக்கென்று இழுத்தாள். அப்படி இழுத்தால் கொடி வரும், காய் மண்ணிலேயே நின்றுவிடும். "காய மண்ணுல உட்டுட்டு கொடிய மட்டும் புடுங்கினு வர்றியே, மாட்டுக்கா புடுங்கற?" என்று காத்தாயி கத்தினாள். விட்ட காயைக் களைக்கொட்டு வைத்துக் கொத்தி எடுக்க வேண்டியதாயிற்று. அதில் பொழுது போனது. பாதிக் கொடி காய் ஆயாமல் குவியலாகக் கிடக்கும்போது சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. காய் சேற்றில் ஊறிக் கறுத்தது. அதை மார்க்கெட் கமிட்டிக்குக் கொண்டுபோனால் என்ன விலை சொல்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் பிராக்டீஸில் மோனிகா ஆடவில்லை. வயிற்று வலி என்று வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பெண் பிள்ளை வயிற்று வலி என்று சொன்னால் பி.டி. வாத்தியார் வீரமணி மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்க மாட்டார். மைதானத்தின் அந்தப் பக்கம் போய்விடுவார். வெண்மதி கேட்டாள். மொத்த டீமும் நிற்கும்போது கேட்டாள்.

"வேலைக்கு வரச் சொன்னா வயித்து வலி, பிராக்டீஸுன்னா வயித்து வலி. சோறு துன்னறதுக்கு மட்டும் வலிக்காதா? ஒழைக்கிற வூடா இருந்தா வந்திருப்பீங்க."

மோனிகா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை.

இன்று குறுவட்டப் போட்டியின் கடைசி ஆட்டம். ஜெயிக்கிற டீம் மாவட்டத்துக்குப் போகும். மாவட்டத்தில் ஆடிய சர்டிபிகேட் இருந்தால் காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் கேட்கலாம். இல்லையென்றால் பன்னிரண்டாவது முடிந்ததும் ஊர் எல்லையில் விடிகாலையில் வந்து நிற்கிற கம்பெனி வேன்தான். வெண்மதிக்கு இது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம்.

போன வருஷமும் இதே கடைசி ஆட்டம் வரை வந்தார்கள். எதிர் டீம்காரி ஒருத்தி இவளைப் பார்த்து என்னவோ சொல்லிச் சிரித்தாள். விசில் ஊதின பிறகு வெண்மதி அவளைப் பிடித்துத் தள்ளினாள். ரெஃப்ரி மஞ்சள் கார்டு காட்டி வெளியே உட்கார வைத்தார். அவள் வெளியே உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் மூன்று பாயிண்ட் போனது. ஒரு பாயிண்டில் தோற்றார்கள். அந்த ஒரு பாயிண்டை யாரும் அவளிடம் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

*

செஞ்சி மைதானத்தில் வெயில் ஏறியிருந்தது. கோட்டை மலைப் பாறைகள் அதற்குள் சூடு கக்க ஆரம்பித்துவிட்டன. நீலச் சட்டை டீம் ஒரு மினி வேனில் வந்து இறங்கி, கும்பலாக செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது.

"எல்லாம் கேட்டுக்குங்க," என்றார் வீரமணி சார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவர் வாயிலிருந்தே தெரிந்தது. மேட்ச் நாள் என்றால் அவருக்கு இட்லி இறங்காது; டென்ஷன்தான் இறங்கும். "இந்த வருஷம் உட்டா அவ்ளோதான். எட்மாஸ்டர் என்ன கிழிச்சித் தோரணம் கட்டிடுவாரு. வெண்மதி, இங்க பாரு. ஒனக்குக் கோவம் வருது இல்ல? அத அங்க காட்டு. கோவம் இருந்தாத்தான் கபடி."

"போன வருஷம் காட்டினது போதாதா சார்?" என்றாள் கேப்டன் வளர்மதி.

"நீ கம்முனு இரு. மோனிகா, இன்னாம்மா இது காலுல?"

மோனிகா வலது கணுக்காலில் புதிதாக ஒரு கறுப்புப் பட்டி போட்டிருந்தாள். "சும்மா சார். கிரிப்புக்கு."

"ஸ்டைலு," என்றாள் வெண்மதி, யாரிடமும் இல்லாமல் காற்றிடம்.

கபடியில் பிடிக்கிற பக்கம் கை கோர்த்துத்தான் நிற்கும். இடது ஓரத்தில் நிற்கிற கார்னர் வெண்மதி. பாடி வருகிறவளின் காலைப் பிடிப்பது அவள் வேலை. அவள் கையைக் கோர்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறவள் மோனிகா. வெண்மதி காலைப் பிடித்ததும் மோனிகா மேலே விழுந்து அமுக்க வேண்டும். எட்டாவதிலிருந்து இதே ஜோடி. ஒருத்தி மூச்சு விடுவது இன்னொருத்திக்குக் கை வழியாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பிராக்டீஸில் வெண்மதி பாய்ந்து தடுமாறி மோனிகா மேலேயே விழுந்தாள். அப்போதுகூட இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் எழுந்தார்கள்.

இன்றைக்குக் கோர்க்கவில்லை. வெண்மதி இரண்டு விரலை நீட்டினாள். மோனிகா அந்த விரலைச் சூடான பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி தொட்டுக்கொண்டு நின்றாள்.

நீலச் சட்டையில் ஏழாம் நம்பர் பாடி வந்தாள். நெட்டைக் கால்காரி. இந்த ஜோடிக்கு நடுவில் சந்து இருப்பதை முதல் தடவையிலேயே கண்டுகொண்டாள். இரண்டாவது தடவை நேராக அந்தச் சந்துக்குத்தான் வந்தாள். வெண்மதிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அப்புறம் கண்ணுக்கு எதிரில் இருக்கிற கால் மட்டும் தெரியும், அந்தக் காலுக்குச் சொந்தக்காரி எங்கே திரும்பப் போகிறாள் என்பது தெரியாது. கால் வந்து ஊன்றுவதற்கு முன்பே பாய்ந்தாள். கையில் மண்தான் வந்தது. ஏழாம் நம்பர் அவள் முதுகில் ஒரு தட்டு, மோனிகா தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்க் கோட்டில் நின்று சிரித்தாள்.

"ஏன்டி முந்தற?" என்று வளர்மதி கத்தினாள்.

"அவ வந்து அமுக்கல, என்ன ஏன் கேக்கற?"

மறுபடி முந்தினாள். மறுபடி மண். எல்லைக்கு வெளியிலிருந்து வீரமணி சார், "கோவத்தக் காட்டு! காட்டு!" என்று தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். அவர் கத்தக் கத்த நடுவில் நின்ற பிள்ளைகளும் ஒருத்தியை ஒருத்தி திட்ட ஆரம்பித்தார்கள். ஒருத்தி முகம் கடுத்தால் போதும், கை வழியாக ஏழு பேருக்கும் பரவிவிடும். ரைடுக்குப் போன வளர்மதியும் பதற்றத்தில் போய் மாட்டிக்கொண்டாள். மொத்த டீமும் அவுட்.

ஏழாம் நம்பர் வெண்மதியைத் தாண்டிப் போகும்போது, "மண்ணு ருசியா இருக்குதா?" என்றாள்.

வெண்மதி ஒரு அடி எடுத்து வைத்தாள். ரெஃப்ரி பச்சை கார்டை எடுத்து அவள் முகத்துக்கு நேராகக் காட்டினார். அது எச்சரிக்கை. அடுத்தது மஞ்சள். போன வருஷத்து மஞ்சள்.

முதல் பாதி முடியும்போது ஒன்பது பாயிண்ட் பின்னால் இருந்தார்கள்.

*

இடைவேளையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. குளுக்கோஸ் தண்ணீர் பாட்டில் கை மாறியது. வீரமணி சார் ஒவ்வொருத்தியாகத் திட்டி முடித்துவிட்டு, திட்ட ஆள் இல்லாமல் தன்னையே திட்டிக்கொண்டு ஸ்கோர் மேஜைப் பக்கம் போனார். அவர் போனதும் எல்லாருக்கும் மூச்சு கொஞ்சம் சுலபமாக வந்தது.

வளர்மதி குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாருங்கடி ரெண்டு பேரும். ஒங்க மல்லாட்டப் பஞ்சாயத்த ஊர்ல போயி வெச்சிக்கிங்க. இங்க கையப் புடிங்க. புடிக்க முடியாதுன்னா சொல்லிடுங்க, ரெண்டு பேரையும் வெளிய ஒக்கார வெக்கச் சொல்றேன். ஒம்பதாவது படிக்கிற புள்ளைங்களாவது கையப் புடிக்கும்."

வெளியே உட்காருவது எப்படி இருக்கும் என்று வெண்மதிக்குத் தெரியும். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியின் சூடுகூட ஞாபகம் இருந்தது.

இரண்டாவது பாதி ஆரம்பித்தது. வெண்மதி கையை நீட்டினாள். இந்தத் தடவை முழுக் கை. மோனிகா கோர்த்தாள். கொப்புளத்தின் மேல் அந்தக் கை அழுந்தியபோது வெண்மதிக்குச் சுருக்கென்றது.

சுருக்கென்றதற்கு அப்புறம்தான் இன்னொன்று தெரிந்தது. அந்தக் கை சில்லென்று இருந்தது. மைதானமே கொதிக்கிறது, இவள் கை மட்டும் ஐஸ் வண்டியிலிருந்து எடுத்த மாதிரி. ஏழாம் நம்பர் பாடி வந்து இடப்பக்கம் போனாள், வலப்பக்கம் திரும்பினாள். வரிசையும் கூடவே நகர்ந்தது. மோனிகா வலது காலை ஊன்றித் திரும்புகிற ஒவ்வொரு முறையும் அவள் நகம் வெண்மதியின் புறங்கையில் இறங்கியது. இறங்கிவிட்டு, உடம்பின் பாரம் முழுக்க இவள் கைமேல் சாய்ந்தது. இடது காலுக்கு மாறினால் நகம் விட்டது. வலது காலுக்கு வந்தால் மறுபடி இறங்கியது.

பயத்தில் இருக்கிற கை இப்படிச் செய்யாது. முறைத்துக்கொண்டிருக்கிற கையும் இப்படிச் செய்யாது. நடவு நட்டு, முதுகு பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிற காத்தாயி, படியேறும்போது கதவு நிலையை இப்படித்தான் பிடிப்பாள்.

வெண்மதி குனிந்து பார்த்தாள். கறுப்புப் பட்டிக்கு மேலே சதை பிதுங்கி நின்றது. ஸ்டைலுக்குப் போட்ட பட்டி இல்லை அது.

ஏழாம் நம்பர் யாரையும் தொடாமல் திரும்பிப் போனாள்.

"இன்னாடி காலு?" என்றாள் வெண்மதி, உதட்டை அசைக்காமல்.

"மூடிக்கினு ஆட்டத்தப் பாரு."

"எப்போ?"

"நீ எரும மாதிரி மேல உழுந்தியே, அன்னிக்கி."

ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமைக்கு முந்தின நாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா சாரு என்ன ஆட உடுவாரா? நெலத்துல வந்து நொண்டினா ஒங்கம்மா பாக்கும். ஒங்கம்மா பாத்தா மைக் வெச்ச மாதிரி. செஞ்சிக்கே கேக்கும்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல?"

"பண்ணி? காலு வலின்னா வந்து பாத்திருப்பே. பாத்தா நீயே சார் கிட்ட சொல்லியிருப்பே. எனக்குத் தெரியாதா ஒன்னப் பத்தி?"

அது உண்மை. வெண்மதி கண்டிப்பாகச் சொல்லியிருப்பாள்.

"வளர்மதி கிட்டயாவது சொல்றேன்," என்றாள்.

"சொன்னே, மவளே, ஜென்மத்துக்கும் ஒன்கூடப் பேச மாட்டேன்."

"இப்ப மட்டும் பேசினியா?"

மோனிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பின் அதிர்வு கை வழியாக வெண்மதிக்கு வந்தது.

ஒழைக்கிற வூடா இருந்தா வந்திருப்பீங்க. தான் சொன்ன சொல் இப்போது அவளுக்கே திரும்பக் கேட்டது. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. ஒன்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. நான்கு நாளாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. காது சூடாக இல்லை. எதிரே வருகிறவள் காலும் தெரிந்தது, இடுப்பும் தெரிந்தது, கண் எந்தப் பக்கம் போகிறது என்பதும் தெரிந்தது.

"நீ ஓடாத," என்றாள். "எம்மேல சாஞ்சிக்க. நான் புடிச்சதும் உழு, அது போதும். ஒன்னால உழ முடியும் இல்ல?"

"ஒம்மேல உழறதுன்னா நல்லாவே உழுவேன். கடன் இருக்குது."

ஏழாம் நம்பர் மறுபடி வந்தாள். முதல் பாதியில் சந்து இருந்த இடத்துக்கே வந்தாள். சந்து இல்லை. காலை நீட்டி ஆசை காட்டினாள். வெண்மதி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினாள். வெண்மதி காத்திருந்தாள். கால் வந்து மண்ணில் ஊன்றி, அதன் மேல் பாரம் ஏறுகிற நொடி வரைக்கும் காத்திருந்தாள். பிறகு குனிந்தாள். நிதானமாகப் பிடித்தால் மல்லாட்டை வேரோடு, காயோடு, மண்ணோடு வரும். கணுக்கால் இரண்டு கைக்குள்ளும் வந்தது. மோனிகா அரிசி மூட்டை சாய்கிற மாதிரி மேலே சாய்ந்தாள். மற்ற ஐந்து பேரும் வந்து மூடினார்கள்.

விசில்.

"அப்டித்தான்! கோவத்தக் காட்டு!" என்றார் வீரமணி சார்.

யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஆட்டம் வேறு மாதிரி போனது. ஒரே பாய்ச்சலில் ஒன்றும் மாறவில்லை. ஒவ்வொரு பாயிண்டாக, களை எடுக்கிற மாதிரி எடுத்தார்கள். வலது ஓரத்தில் நின்றவள் தவறவிட்டபோது யாரும் திட்டவில்லை. "உடு, அடுத்தது," என்றாள் வெண்மதி. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததைக் கேட்டு வளர்மதி திரும்பிப் பார்த்தாள். வளர்மதியும் ரைடில் பதறாமல் போய் ஒரே பாட்டில் இரண்டு பேரைத் தட்டிவிட்டு வந்தாள். நீலச் சட்டைகளுக்குள் இப்போது சத்தம் கிளம்பியது. ஒருத்தி இன்னொருத்தியை நோக்கிக் கையை நீட்டி என்னவோ கேட்டாள். அந்த மாதிரிக் கையை வெண்மதிக்கு நன்றாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் நீலச் சட்டை மொத்தமும் அவுட்.

கடைசி ரைடு வந்தபோது இரண்டு பக்கமும் சமம்.

பாடி வருகிறவள் ஏழாம் நம்பர். அவர்கள் பக்கம் ஏற்கெனவே இரண்டு ரைடு வெறுங்கையோடு திரும்பியிருந்தது. இந்த மூன்றாவதிலும் யாரையும் தொடாமல் போனால் அவளே அவுட், பாயிண்ட் இவர்களுக்கு. ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் மாவட்டம் அவர்களுக்கு. இந்தப் பக்கம் ஐந்து பேர் நின்றார்கள். மோனிகாவின் முழுப் பாரமும் வெண்மதியின் வலது கையில் இருந்தது.

ஏழாம் நம்பர் வந்தாள். மோனிகாவின் காலைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. நல்ல ஆட்டக்காரிக்குப் புரியும்.

"கபடிகபடிகபடி..." என்று வெண்மதிக்கு எதிரில் வந்து காலை நீட்டினாள். மூச்சுக்கு நடுவிலேயே பல்லைக் காட்டினாள், மண்ணைத் தின்னு என்கிற மாதிரி. கால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"புடி! புடி! புடிடீ!" என்று வீரமணி சார் துள்ளினார்.

வெண்மதி பிடிக்கவில்லை. கால் ஊன்றவில்லை, அது தூண்டில். ஏழாம் நம்பர் காலை இழுத்துக்கொண்டாள், மறுபடி நீட்டினாள். வெண்மதி பிடிக்கவில்லை. அம்மா கூட்டத்தில் இல்லை, ஆனால் கொடியை மட்டும் பிடுங்கினு வர்றியே என்கிற அந்தக் கத்தல் காதில் இருந்தது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஏழாம் நம்பரின் குரலில் மூச்சு மெலிந்தது. அவளுக்கும் தெரிந்துவிட்டது. சட்டென்று திரும்பி, மோனிகாவின் வலது காலைக் குறிவைத்து ஒரு உதை விட்டாள்.

அந்தக் காலை மோனிகாவால் எடுக்க முடியாது. வெண்மதி அவளைக் கையோடு சேர்த்துப் பின்னால் இழுத்தாள். விட்டுப்போன இடுப்பு, இரண்டு நாள் குனிந்த முதுகு எல்லாவற்றையும் போட்டு இழுத்தாள். மோனிகா ஒற்றைக் காலில் தரையைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வந்தாள். நீலச் சட்டைக்காரியின் கால், பட்டிக்கு முன்னால் வெறும் காற்றைக் கிழித்துவிட்டுப் போனது.

விசில் ஊதியது. நேரம் முடிந்தது. ஏழாம் நம்பர் இன்னும் இவர்கள் எல்லைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தாள்.

ரெஃப்ரி கையை இவர்கள் பக்கம் தூக்கினார்.

*

யார் முதலில் அழுதது, யார் முதலில் சிரித்தது என்று சொல்ல முடியாது. வளர்மதி மண்ணில் மல்லாந்து படுத்துவிட்டாள். வீரமணி சார் ஒவ்வொருத்தி தலையிலும் கையை வைத்து ஆட்டினார். "நான் சொன்னேன் இல்ல? கோவத்தக் காட்டுன்னு சொன்னேன் இல்ல?" என்றார். ஏழு பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்ததற்கு அர்த்தம் புரியாமல் அவரும் சிரித்தார். காலையிலிருந்து அப்போதுதான் அவருக்குப் பசித்தது.

பட்டியைக் கழற்றியபோது அவர் சிரிப்பு நின்றது. கணுக்கால் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"அறிவு இருக்குதா ஒனக்கு? ஒடைஞ்சிருந்தா? ஒங்கம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்று கத்திக்கொண்டே அவளைத் தன் பைக்கில் ஏற்றினார். பின்னால் பிடித்துக்கொள்ள வெண்மதியும் ஏறினாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படம் வரும்வரை மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மாவட்டம், சர்டிபிகேட் எல்லாம் வெண்மதிக்கு அந்தப் பெஞ்சில் மறந்துபோயிருந்தது. எலும்பு ஒன்றும் ஆகவில்லை, சதைதான் பிசகியிருக்கிறது, கால் ஊன்றாமல் இருந்தால் மாவட்டப் போட்டிக்குள் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதும் வீரமணி சார் எழுந்து நேராக எதிர்க்கடைக்குப் போய் ஆளுக்கு இரண்டு பரோட்டா சொன்னார். தனக்கு நான்கு சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் மைதானத்தில் விட்டிருந்த சைக்கிளை எடுத்தார்கள். பின்னால் கேரியரில் மோனிகா, வெள்ளைக் கட்டுப் போட்ட காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு. வெண்மதி மிதித்தாள். இடுப்பு ஒவ்வொரு மிதிக்கும் தன்னை ஞாபகப்படுத்தியது. சிங்கவரத்துக்குத் திரும்புகிற இடத்தில் காற்று எதிரே அடித்தது. அது குளிர்ச்சியாக இருந்தது.

"அன்னிக்கி சொன்னது தப்பு," என்றாள் வெண்மதி, திரும்பாமல். "ஒழைக்கிற வூடான்னு கேட்டது. எல்லார் எதிர்லயும் கேட்டேன். நாளைக்கி எல்லார் எதிர்லயும் சொல்லிடறேன்."

"அத்தெல்லாம் வாணாம். வளர்மதி அழுவா, சாரு அழுவாரு. பேஜாரு."

"ஒங்கம்மா பனமலைலேந்து வந்ததும் சொல்லிடறேன்."

"அதுக்கு இன்னும் தெரியாது. நீயா போயி சொல்லி ஒத வாங்காத."

இரண்டு பக்கமும் பிடுங்கி முடித்த மல்லாட்டை நிலம். காய்ந்த கொடிக் குவியல்களின் வாசனை.

"வெண்மதி."

"இன்னா?"

"இன்னிக்கி ஒத்தக் காலுல நின்னு ஜெயிச்சிக் குடுத்திருக்கேன். அந்த ஒரு ஆளக் கழிச்சிக்கலாம் இல்ல?"

வெண்மதி மிதிப்பதை நிறுத்தினாள். சைக்கிள் தானாக உருண்டது.

"ஒன்ன இழுத்துக்கினு நின்னது யாரு? என் இடுப்பு. அதுக்கு நீதான் எனக்குத் தரணும்."

"அட, நீ மேல உழுந்துதானே என் காலு போச்சி!"

"அது கபடி. அது அதோட சரியாப் போச்சி. கபடி வேற, மல்லாட்ட வேற. நான் ஒங்க நெலத்துல ஒரு நாள் முழுக்கக் குனிஞ்சேன்."

"எங்க வூட்ல கருவாட்டுக் கொழம்பு துன்னியே?"

"அது கணக்குலயே கெடையாது. அது நெலத்துக்காரங்க பொறுப்பு."

"கல்நெஞ்சுக்காரிடி நீ. ஒங்கம்மாவே தேவலை."

"காலு ஆறட்டும். சம்பா நடவு வருது இல்ல? வந்து கழிச்சிட்டுப் போ."

மோனிகா அவள் முதுகில், சரியாக வலிக்கிற இடம் பார்த்து, ஒரு குத்து விட்டாள். வெண்மதி "அம்மா" என்று கத்திக்கொண்டே மிதித்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

ஆட்டம் முடிந்தது, கால் தப்பியது, பேச்சு வந்துவிட்டது. ஆனால் மோனிகா வீடு வெண்மதி வீட்டுக்கு இன்னும் ஒரு ஆள் பாக்கி.